வெறும் பாறையில் காடு வளர்கிறது: அதற்கான சத்து எங்கிருந்து வருகிறது?

வகுப்பறைவாசி | திங்கள், இரவு 9.40

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவரவியல் நடத்துகிறேன். வழிமுறை வளர்ச்சியைப் பற்றி எல்லாரும் படித்திருப்போம். பாறையில் முதலில் லைக்கன், பிறகு மாஸ், புல், புதர், கடைசியில் உச்ச சமுதாயமாக ஒரு காடு. அதே பாடத்தில் கார்பன் சுழற்சியும் பாஸ்பரஸ் சுழற்சியும் இருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தெரியாத மாதிரி தனித்தனியாக நிற்கின்றன.

இந்த வாரம் ஒரு மாணவி எழுந்து, பாறையில்தான் மண்ணே இல்லையே, ஒரு காட்டுக்கு வேண்டிய நைட்ரஜன் மொத்தமும் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். லைக்கன் பாறையை அரித்து மண்ணாக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். பாறைக்குள் நைட்ரஜன் இருக்கிறதா என்று அடுத்த கேள்வி வந்தது. நல்ல கேள்வி, அவளுக்கு முழுப் பதில் கொடுக்க வேண்டும். யாராவது நேரில் போய்ப் பார்த்து, வருடக்கணக்கில் அளந்த ஓர் இடத்தை உதாரணமாகச் சொல்ல முடியுமா?

மட்கு | திங்கள், இரவு 10.25

சார், அந்தப் பெண்ணிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: எரிமலைப் பாறையிலும் கருங்கல்லிலும் நைட்ரஜன் அநேகமாக இல்லை. பாஸ்பரஸ், கால்சியம், பொட்டாசியம், மெக்னீசியம் இதெல்லாம் பாறையில் உண்டு. நைட்ரஜன் காற்றிலிருந்து வந்தாக வேண்டும், அல்லது வேறெங்கோ இருந்த உயிர்கள் கொண்டுவர வேண்டும். வெறும் நிலத்தில் காடு வளரும் கதையில் பாதி இந்த ஒரு வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும்.

நீங்கள் கேட்ட மாதிரி இடம் என்றால் அலாஸ்காவில் இருக்கும் கிளேசியர் பே. 1794இல் ஆங்கிலேயக் கடற்பயணி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் அந்தக் கரையைப் படம் வரைந்தபோது அங்கே உள்ளே நுழையக்கூடிய விரிகுடாவே இல்லை, வாசலுக்குப் பக்கத்திலேயே பனிச்சுவர் நின்றது. 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் போனபோது பனி 60 கிலோமீட்டருக்கு மேல் உள்வாங்கியிருந்தது. 1916 வாக்கில் அது 100 கிலோமீட்டர் ஆகிவிட்டது. அதனால் படகில் விரிகுடாவின் வாயிலிருந்து உள்ளே போகப் போகக் கரையில் இருக்கும் நிலத்தின் வயது குறைந்துகொண்டே வரும். வாயில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக்காடு, நடுவில் ஆல்டர் என்ற குட்டை மரத்தின் புதர்க்காடு, பனிக்கு அருகில் வெறும் சரளை.

1916இல் வில்லியம் கூப்பர் என்ற தாவரவியலாளர் அங்கே போய் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் சதுரங்கள் போட்டு, ஒவ்வொரு செடியையும் வரைபடத்தில் குறித்து வைத்தார். அந்தச் சதுரங்களை இன்றும் பின்தொடர்கிறார்கள்.

இப்போது நைட்ரஜனுக்கு வருவோம். ஆல்டரின் வேரில் முண்டுகள் இருக்கும். அதற்குள் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. பயறுவகைச் செடிகளின் வேரில் ரைசோபியம் செய்கிற அதே வேலைதான், ஆள் மட்டும் வேறு. ஆல்டர் இலை உதிர்ந்து மட்க மட்க மண்ணில் நைட்ரஜன் சேருகிறது. இன்னொன்றும் நடக்கிறது. பனி விட்டுப்போன சரளை காரத்தன்மை கொண்டது, கார அமில நிலை (pH) 8 அளவில் இருக்கும். ஆல்டர் வந்து சில பத்தாண்டுகளில் அது 5 அளவுக்கு இறங்குகிறது. மண் அமிலமாகும்போது பாறைத் துகளில் பூட்டிக்கிடக்கும் பாஸ்பரஸ் கரைந்து வெளியே வருகிறது. ஆக, ஒரே செடி காற்றிலிருந்து ஒன்றையும் கல்லிலிருந்து ஒன்றையும் எடுத்துத் தருகிறது. பிறகு ஸ்ப்ரூஸ் மேலே வளர்ந்து நிழல் போட்டு ஆல்டரைச் சாகடிக்கிறது. மண்ணில் சேர்ந்த நைட்ரஜனில் ஒரு பங்கு ஸ்ப்ரூஸின் உடம்புக்குள் போகிறது.

உங்கள் இரண்டு பாடமும் ஒன்றாகச் சேருவது இங்கேதான்.

தீவுவாசி | செவ்வாய், காலை 7.10

மட்கு சொன்ன கிளேசியர் பே கதை அழகானது. ஆனால் அதை அப்படியே வகுப்பில் சொன்னால், ஆல்டர் வராமல் காடே வராது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அங்கேயே அது பொய்த்திருக்கிறது. 1995இல் கிறிஸ்டபர் ஃபாஸ்டி ஒரு ஆய்வு வெளியிட்டார். விரிகுடா நெடுகிலும் பத்து இடங்களில் மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்தார். வாய்ப்பக்கம் இருக்கும் பழைய இடங்களில் ஸ்ப்ரூஸ் தொடக்கத்திலேயே நெருக்கமாக வந்திருக்கிறது, ஆல்டர் புதர்க்காடு என்ற கட்டமே அங்கே பெரிதாக இருந்ததில்லை. காரணம், விதை கொடுக்கும் தாய்மரங்கள் பக்கத்தில் இருந்தன. உள்ளே இருக்கும் இளைய நிலங்களுக்கு அவை வெகு தூரம். அதாவது வாயில் இருக்கும் காட்டின் பழைய வடிவம் இன்றைய ஆல்டர் புதர் என்று சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு பாதையில் வந்தவை.

கூப்பரின் சதுரங்களும் 100 வருடத்தில் ஒரே வழியில் போகவில்லை. முதலில் எந்த விதை வந்து விழுந்தது என்ற தற்செயல் இவ்வளவு காலம் கழித்தும் அவற்றில் தெரிகிறது.

அப்புறம், காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கும் செடியே இல்லாமல் ஒரு நிலம் பசுமையானதற்கு சுர்ட்சே தீவைப் பாருங்கள். ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963 நவம்பரில் கடலுக்கடியில் எரிமலை வெடித்து, 1967 ஜூன் வரை கக்கி உருவான தீவு. 1965லேயே முதல் பூக்கும் செடி முளைத்துவிட்டது, கடலில் மிதந்து வந்த விதை. ஆனால் முளைத்ததெல்லாம் நிலைக்கவில்லை. மணலில் படரும் கடற்கரைச் செடிகள் ஒன்றிரண்டுதான் தாக்குப் பிடித்தன. இருபது வருடம் ஏறக்குறைய அப்படியே கிடந்தது. 1980களின் நடுவில் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கின. அவற்றின் எச்சம் விழுந்த இடத்தில் புல்வெளி வந்தது, புதிய செடிகள் ஒவ்வொன்றாக நிலைத்தன. கூடு இல்லாத பகுதி இன்றும் பெரும்பாலும் வெற்று எரிமலைக்குழம்புதான். அந்த நைட்ரஜன் கடல் மீனிலிருந்து பறவை வழியாக வந்தது.

வகுப்பறைவாசி | செவ்வாய், இரவு 8.15

இது எனக்குப் புதிது. விதையும் பறவை கொண்டுவந்ததுதானா?

தீவுவாசி | செவ்வாய், இரவு 8.50

பெரும்பங்கு அப்படித்தான் சார். கொஞ்சம் காற்று, கொஞ்சம் கடல்.

இன்னொரு தகவலும் சொல்லிவிடுகிறேன். பாடத்தில் முன்னோடி, அதாவது வெற்று நிலத்தில் முதலில் குடியேறும் உயிர், என்றாலே தாவரம்தான். 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் எரிமலைத் தீவான கிரகடோவா வெடித்தது. ஒன்பது மாதம் கழித்து, 1884 மே மாதம் அங்கே போன பிரெஞ்சுக்காரர் எட்மண்ட் கோட்டோ தேடித் தேடிக் கண்ட ஒரே உயிர் ஒரு சின்னஞ்சிறு சிலந்தி. வலை பின்னிக்கொண்டிருந்தது. செடி ஒன்றுகூட இல்லாத இடத்தில் சிலந்திக்கு என்ன சாப்பாடு? காற்றில் அடித்து வரப்படும் பூச்சிகள். அமெரிக்காவில் 1980இல் வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் மலையிலும் காற்றில் வந்து விழும் பூச்சிகளை ஆராய்ந்தார்கள். அவை செத்து மட்கும்போது வெறும் சாம்பலில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் சிறுகச் சிறுகச் சேருகின்றன.

கரிசல்காட்டான் | புதன், காலை 5.55

எல்லாரும் அலாஸ்கா, ஐஸ்லாந்து என்று பேசுகிறீர்கள், நான் நம்ம பக்கத்துக் கேள்வி ஒன்று கேட்கிறேன். விவசாயி நான். ஆல்டர் செய்கிற வேலை எனக்குப் பழக்கமானதுதான். சணப்பும் கொளுஞ்சியும் விதைத்துப் பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதால் தழைச்சத்து, அதாவது நீங்கள் சொல்லும் நைட்ரஜன், கிடைக்கிறது. சரி.

எங்கள் பக்கம் தரிசாகப் போட்ட நிலமெல்லாம் சீமைக்கருவேலம். அதுவும் வேர் முண்டு உள்ள மரம்தானே? அப்படியானால் அதுவும் ஒரு முன்னோடிதானா? நாற்பது ஐம்பது வருடம் தொடாமல் விட்டால் அதற்கடியில் வேம்பும் வெள்வேலும் வந்து நிலம் தன்னால் திரும்பிவிடுமா? வெட்ட வேண்டும் என்று ஒரு கட்சி, விட வேண்டும் என்று ஒரு கட்சி. இரண்டு பக்கமும் ஆவேசமாகப் பேசுகிறார்களே தவிர நிலத்துக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

மட்கு | புதன், காலை 9.30

அண்ணாச்சி, நைட்ரஜன் கணக்கில் மட்டும் பார்த்தால் சீமைக்கருவேலம் ஆல்டர் மாதிரிதான். அதன் அடியில் மண்ணில் தழைச்சத்தும் கரிமமும் கூடுகின்றன. ஆனால் வழிமுறை வளர்ச்சி நடக்க இரண்டாவது ஒரு விஷயம் வேண்டும்: முன்னோடி இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆல்டர் உயரம் குறைந்தது, ஸ்ப்ரூஸ் அதன் தலைக்கு மேல் போனதும் நிழலில் மடிகிறது. சீமைக்கருவேலத்தை மீறிப் போய் அதற்கு நிழல் போட நம் வறண்ட நிலத்தில் எந்த மரம் இருக்கிறது? வெட்டினாலும் தூரிலிருந்து துளிர்க்கிறது. ஆடும் மாடும் நெற்றைத் தின்று சாணம் வழியாக விதையைப் பரப்பிவிடுகின்றன. அதனால் தொடாமல் விட்டால் தன்னால் திரும்பிவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அதோடு, கரிமூட்டம் போட்டு வெட்டி விற்கிற இடங்களில் கணக்கே மாறுகிறது. எரியும்போது மரத்திலிருந்த நைட்ரஜன் பெரும்பாலும் புகையாகக் காற்றுக்குப் போய்விடும். மணிச்சத்தான பாஸ்பரஸும் சாம்பல்சத்தான பொட்டாசியமும் கரியோடும் சாம்பலோடும் தங்கும். கரி லாரி ஏறிப் போனால் அவற்றில் ஒரு பங்கு நிலத்தை விட்டு வெளியேறுகிறது. தழைச்சத்தை அடுத்த மரம் காற்றிலிருந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். மணிச்சத்துக்கு அப்படி ஒரு காற்று இல்லை.

நீலமலை | புதன், மாலை 4.20

இந்த இழையில் நைட்ரஜன் சேருவது என்றாலே நல்லது என்பது போலப் பேச்சு போகிறது. அதை நான் ஏற்கவில்லை.

ஊட்டியைச் சுற்றி வாட்டில் மரம் நிற்கும் சரிவுகளைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த அகேசியா. அதுவும் நைட்ரஜன் பிடிக்கும் மரம்தான். அது விழுங்கியது புல்வெளியை. அன்றைக்கு அந்தப் புல்வெளியை யாரும் இழப்பாக நினைக்காததற்கு ஒரு காரணம் நம் பாட வரிசைதான். புல் என்றால் காட்டுக்கு முந்தைய கட்டம், ஏதோ காரணத்தால் பாதியில் நின்றுபோனது, மரம் வைத்தால் முன்னேறும் என்ற எண்ணம்.

நீலகிரியில் சோலையும் புல்வெளியும் பக்கம் பக்கமாகவே நெடுங்காலம் இருந்திருக்கின்றன. பள்ளங்களில் கரிச்சேறாகப் படிந்த பழைய தாவரக் கழிவை எடுத்து ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் கார்பன் ஐசோடோப்புகளை (கார்பனின் எடை வேறுபட்ட வகைகளை) அளந்து 1993இல் வெளியிட்டார்கள். வெப்பமண்டலப் புல்லும் மரமும் ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் வேறு, அதனால் அவை விட்டுப்போகும் கார்பன் கையெழுத்தும் வேறு. ஏறக்குறைய 20,000 வருடத்துப் பதிவில் புல் கூடியும் குறைந்தும் இருந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. மனிதர் காட்டை வெட்டியதால் வந்த புல்வெளி என்று அதைச் சொல்ல இடமே இல்லை. திறந்த வெளியில் விழும் உறைபனி சோலை மரக்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது, புல் தாங்குகிறது. அதைக் கட்டம் என்று சொல்வது எனக்கு வலிக்கிறது.

ஹவாயில் இதைவிடத் துல்லியமாக அளந்திருக்கிறார்கள். அசோர்ஸ், கேனரி தீவுகளைச் சேர்ந்த ஃபாயா என்ற மரம் அங்கே வந்து சேர்ந்தது. புது எரிமலை நிலத்தில் நைட்ரஜன் பிடிக்கும் உள்ளூர் மரம் அநேகமாக இல்லாத இடம் அது. ஃபாயா வந்ததும் மண்ணுக்கு வரும் நைட்ரஜன் பல மடங்கானது. குறைந்த சத்தில் வாழப் பழகிய உள்ளூர்ச் செடிகளுக்கு அது வரமாக இல்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் ஆஸ்திரேலிய அகேசியாவை வெட்டியெடுத்த பிறகும் மண்ணில் தங்கிய நைட்ரஜனால் களைப் புல் மண்டியது. வேரோடு எடுத்தாலும் சத்து போகாது.

கரிசல்காட்டான் | புதன், இரவு 9.05

நீலமலை அக்கா, அப்படியானால் வாட்டிலை என்னதான் செய்வது? எடுத்தால் களை, விட்டால் வாட்டில்.

நீலமலை | வியாழன், காலை 6.40

இடத்துக்கு இடம் வேறு அண்ணாச்சி. சோலையை ஒட்டி நிற்கும் பழைய வாட்டில் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரக்கன்றுகள் வந்திருக்கின்றன. அங்கே ஒரேயடியாக மொட்டையடித்தால் கன்றுகளும் போய்விடும், நான் வேண்டாம் என்பேன். ஆனால் புல்வெளிக்குள் புதிதாக நுழையும் இளம் வாட்டிலை உடனே பிடுங்க வேண்டும். விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும், அதனால் ஒரு தடவை பிடுங்கியதோடு முடியாது. தவறாமல் வருடாவருடம் போக வேண்டும். புல் நாற்றையும் நட வேண்டும், வெறும் மண்ணாக விடக்கூடாது.

வகுப்பறைவாசி | வியாழன், இரவு 8.30

நீலமலை சொன்னதைப் படித்த பிறகு உச்ச சமுதாயம் என்பதையே எப்படி நடத்துவது என்று யோசிக்கிறேன். கடைசிக் கட்டம், நிலையானது, சத்துக்கள் வீணாகாமல் உள்ளேயே சுழலும் என்று புத்தகம் சொல்கிறது. இது சரியா?

மட்கு | வியாழன், இரவு 11.10

மூன்றும் பகுதி சரி சார். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

நிலையானது என்பதை முதலில் எடுப்போம். நியூசிலாந்தில் டி. டபிள்யூ. வாக்கரும் ஜே. கே. சயர்ஸும் 1976இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். புது நிலத்தில் பாஸ்பரஸ் நிறைய இருக்கும், நைட்ரஜன் இருக்காது. காலம் போகப் போக நைட்ரஜன் சேரும். பாஸ்பரஸோ தொடக்கத்தில் பாறையில் இருந்த முதலை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். மழை கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கரைத்துக் கொண்டுபோகும். மீதியில் ஒரு பங்கு இரும்பு, அலுமினியச் சேர்மங்களோடு இறுகிப் பிணைந்து வேருக்குக் கிடைக்காமல் போகும். அப்படியானால் மிக மிகப் பழைய நிலத்தில் காடு மறுபடி இளைக்க வேண்டும்.

இதைச் சோதிக்க ஹவாயை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். தீவுகள் வரிசையாக வயதாகிக்கொண்டே போகின்றன. பீட்டர் விட்டோசெக்கும் குழுவினரும் 300 வருட நிலத்திலிருந்து கவாய் தீவின் 41 லட்சம் வருட நிலம் வரை இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். உயரம், மழை, தட்பவெப்பம் எல்லாம் ஏறக்குறைய ஒன்று. எல்லா இடத்திலும் ஓஹியா என்ற ஒரே மரம்தான் மேலோங்கி நிற்கிறது. மாறுவது நிலத்தின் வயது மட்டும். உரம் போட்டுப் பார்த்தார்கள். 300 வருட நிலத்தில் நைட்ரஜன் போட்டால் மரம் வளர்கிறது, பாஸ்பரஸ் போட்டால் ஒன்றும் இல்லை. 41 லட்சம் வருட நிலத்தில் நேர் எதிர், பாஸ்பரஸுக்குத்தான் வளர்கிறது. நடுவில் 20,000 வருட நிலம் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறது, செழிப்பானதும் அதுதான். எனவே கடைசிக் கட்டம் என்று நாம் கோடு போடும் இடத்துக்கு அப்பாலும் நிலம் மாறிக்கொண்டே இருக்கிறது.

அந்த 41 லட்சம் வருட நிலத்தில் காடு எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறது? 1999இல் சாட்விக் முதலானோர் ஐசோடோப்புகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். கால்சியம் கடல் நீர்த்திவலைகளிலிருந்து வருகிறது. பாஸ்பரஸ் மத்திய ஆசியாவின் பாலைவனத் தூசியிலிருந்து, பசிபிக் கடலுக்கு மேல் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வருகிறது. அமேசானுக்கும் இப்படி ஒரு வரவு உண்டு. சஹாராவிலிருந்து வரும் தூசியோடு ஆண்டுக்கு 22,000 டன் அளவு பாஸ்பரஸ் விழுவதாக செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்து 2015இல் கணித்தார்கள். மழை அரித்துக் கொண்டுபோவதும் ஏறக்குறைய அதே அளவு. அந்தத் தூசியில் ஒரு பங்கு ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் வற்றிப்போன ஒரு பழைய ஏரிப்படுகையிலிருந்து கிளம்புகிறது. முன்பு அந்த ஏரியில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் எச்சம் இப்போது இன்னொரு கண்டத்தின் மரத்துக்கு மணிச்சத்து. பிள்ளைகளுக்கு வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள் சார்.

தீவுவாசி | வெள்ளி, காலை 7.45

சத்து வீணாகாமல் சுழலும் என்பதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சூழலியலாளர் யூஜின் ஓடம் 1969இல் முதிர்ந்த காடுதான் சத்தை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்று எழுதினார், பாடப்புத்தகங்கள் அதைத்தான் சொல்கின்றன. 1975இல் விட்டோசெக்கும் ரெய்னர்ஸும் மறுத்தார்கள். அவர்களுடைய வாதம் எளிமையானது. வளரும் காடு ஒவ்வொரு வருடமும் புது மரம், புது வேர் கட்டுகிறது, அதற்கு நைட்ரஜன் வேண்டும், அதனால் ஓடைக்குக் கொஞ்சம்தான் தப்பும். முதிர்ந்த காட்டில் வளர்வதும் சாவதும் சமம். கூடுதலாகச் சேர்த்து வைக்க இடமில்லை. உள்ளே வருகிற அளவு வெளியே போயாக வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் சரி.

இதற்குப் பின்னால் அமெரிக்காவில் நியூஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் ஆய்வு இருக்கிறது. ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 1965 முடிவில் ஒரு முழு ஓடைப் படுகையின் மரங்களை வெட்டி அங்கேயே கிடத்தினார்கள். மூன்று கோடைக்குக் களைக்கொல்லி அடித்து எதுவும் முளைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஓடையில் நைட்ரேட் 40 மடங்குக்கு மேல் ஏறியது. ஒரு மரத்தையும் வெளியே எடுத்துப் போகவில்லை, ஆனாலும் சத்து தண்ணீரோடு ஓடிவிட்டது. மட்குகிற நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்தவில்லை, வாங்கிக்கொள்ள வேர்தான் இல்லை. மருந்தடிப்பதை நிறுத்தியதும் மண்ணுக்குள் பல வருடமாகக் கிடந்த, ‘பின் செர்ரி’ (pin cherry) என்ற மரத்தின் விதைகள் முளைத்துக் கிடுகிடுவென்று வளர்ந்தன. நைட்ரேட் ஒழுக்கு சில வருடங்களில் அடங்கியது. மரக்கட்டைக்காரர்கள் மதிக்காத குட்டை ஆயுள் மரம் அது.

கரிசல்காட்டான் | வெள்ளி, காலை 10.20

அறுவடை முடிந்த காட்டில் மழைக்கு முளைக்கும் களை தழைச்சத்தைத் தண்ணீரோடு போகவிடாமல் பிடித்து வைக்கிறது, அப்படித்தானே? இனி அந்த நேரத்தில் அவசரப்பட்டு உழமாட்டேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. கடலுக்குப் போன மணிச்சத்து திரும்பி வரவே வராதா?

மட்கு | வெள்ளி, மதியம் 1.05

களை விஷயம் அப்படித்தான் அண்ணாச்சி. ஆனால் அது விதை கட்டுவதற்குள் மடக்கிவிடுங்கள்.

கடலுக்குப் போனது வரும், நம் காலத்தில் வராது. கடலடியில் படிவாகி, பாறையாகி, நிலம் மேலெழும்பி, மறுபடி மழையில் கரைய வேண்டும். கோடிக்கணக்கான வருடம் ஆகும். குறுக்குவழி என்றால் கடற்பறவைகள், அப்புறம் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்து சாகும் சால்மன் மீன்கள். மூட்டையில் நாம் வாங்கும் டி.ஏ.பி. உரத்தின் பாஸ்பேட்டும் பழைய கடல் படிவுதான், மொராக்கோ போன்ற இடங்களில் வெட்டியெடுப்பது.

வகுப்பறைவாசி | வெள்ளி, இரவு 9.15

பள்ளிக்குப் பின்னால் கட்டட வேலைக்காக மேல்மண் வழித்த ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது. கூப்பர் செய்த மாதிரி பிள்ளைகளை வைத்து ஒரு மீட்டர் சதுரங்கள் போடலாம் என்று இருக்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

நீலமலை | சனி, காலை 6.30

நாலு மூலையிலும் இரும்புக் கம்பியை ஆழமாக அடித்துவிடுங்கள் சார், மரக்குச்சியைக் கரையான் தின்றுவிடும். பக்கத்திலிருக்கும் பெரிய மரத்திலிருந்தோ சுவரிலிருந்தோ தூரமும் திசையும் அளந்து நோட்டில் எழுதுங்கள், அடுத்த ஆண்டு பிள்ளைகள் மாறிவிடுவார்கள். பாதிச் சதுரங்களுக்கு ஆடு நுழையாமல் வேலி போடுங்கள், பாதிக்கு வேண்டாம். வடகிழக்கு மழைக்கு முன்னால் செப்டம்பரில் ஒரு தடவை, மழை ஓய்ந்து ஜனவரியில் ஒரு தடவை வரையச் சொல்லுங்கள். கொளுஞ்சியோ வேறு பயறுவகைச் செடியோ முளைத்தால் சதுரத்துக்கு வெளியே நிற்பதைப் பிடுங்கி வேர் முண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜன் பிடித்துக்கொண்டிருக்கிறது. பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது.